மவுஸைத் தொடாமல் ஒரு முறை: கீபோர்டு மேக்ரோ அறிமுகம்

ஊர்ப் பெயரும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் அடங்கிய பட்டியல் ஒன்று உங்களிடம் வருகிறது. "மதுரை 625001", "தஞ்சாவூர் 613001", "திருநெல்வேலி 627001" என்று வரிக்கு ஓர் ஊராக 400 வரிகள். கேட்பவருக்கோ எண் முதலில் வர வேண்டும், பிறகு காற்புள்ளி, பிறகு ஊர்: "625001, மதுரை". ஒரு வரிக்குப் பத்து நொடி என்று வைத்தாலும் மொத்தத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். அதிலும் நூறு வரி தாண்டியதும் கண் அசந்து, எங்கோ ஓர் இலக்கம் விடுபடும். எங்கே விடுபட்டது என்று யாருக்கும் தெரியாது.

முதல் வரியை மாற்றும்போது நீங்கள் அழுத்திய விசைகளைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு, மீதி 399 வரிகளுக்கும் அதே விசைகளை அதே வரிசையில் தானே அழுத்தினால் எப்படி இருக்கும்? அதுதான் கீபோர்டு மேக்ரோ. ஒரு முறை செய்து காட்ட வேண்டும், அவ்வளவே. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இது பழைய வழி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் 1976-இல் உருவான ஈமேக்ஸ் என்ற உரை எடிட்டர், டெகோ என்ற முந்தைய எடிட்டருக்காக எழுதப்பட்ட மேக்ரோக்களின் தொகுப்பாகத்தான் பிறந்தது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 விரிதாளில், அழுத்த வேண்டிய விசைகளை ஒரு செல்லுக்குள் வரிசையாக எழுதிவைத்தால் அதுவே மேக்ரோ. என்டர் விசைக்குப் பதில் ~ குறி. விண்டோஸ் 3.1-இல் விசைகளையும் மவுஸ் அசைவையும் பதிந்து ஓட்டும் "ரெக்கார்டர்" என்ற சிறு செயலி கூடவே வந்தது. விண்டோஸ் 95-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஒரு தலைமுறையே இப்படி ஒரு வசதி உண்டு என்று அறியாமல் கணினி பழகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் மேக்ரோவைக் கற்பது என்றால் ஏதோ ஒரு மென்பொருளைக் கற்பது என்று எண்ணுகிறார்கள். மென்பொருளை அரை மணியில் கற்றுக்கொள்ளலாம். கற்க வேண்டியது வேறு: மவுஸைத் தொடாமல், திரையைப் பார்க்காமல் ஒரு வேலையைச் செய்து முடிக்கும் வழி. அந்த வழி உங்களுக்குத் தெரிந்தால் எந்தக் கருவியும் அதைத் திருப்பிச் செய்யும். தெரியாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் இரண்டாவது வரியிலேயே தடுமாறும்.

கணினிக்கு உங்கள் வேலை தெரியாது

மேக்ரோ ஓடும்போது கணினிக்கு மதுரை எது, குறியீடு எது என்று தெரியாது. கர்சர் எங்கே நிற்கிறது என்றுகூட அது பார்ப்பதில்லை. இந்த விசை, அடுத்து இந்த விசை, அவ்வளவுதான் அதன் அறிவு. ஆகவே மேக்ரோ போகும் பாதையை இருட்டில் வீட்டுக்குள் நடப்பவர் போல அமைக்க வேண்டும். அடிகளை எண்ணிக்கொண்டு நடந்தால் எங்காவது முட்டிக்கொள்வோம்; சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தால் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்வோம். கீபோர்டில் அந்தச் சுவர்கள் ஹோம், எண்ட், கன்ட்ரோலுடன் ஹோம், கன்ட்ரோலுடன் அம்புக்குறி ஆகியவை. "வலப்பக்கம் ஆறு எழுத்து நகர்" என்பது அடி எண்ணுவது. "வரியின் கடைசிக்குப் போ" என்பது சுவர்.

நம் பட்டியலை எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற உரை எடிட்டர் போதும். முதலில் தோன்றும் வழி என்ன? வரியின் தொடக்கத்துக்குப் போய், கன்ட்ரோலும் வலது அம்பும் அழுத்தி ஊர்ப் பெயரைத் தாண்டி, எண்ணைத் தேர்ந்தெடுத்து வெட்டுவது. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் இது சரியாக வரும். "புது டெல்லி 110001" என்ற வரி வந்ததும் உடையும். அங்கே ஊர்ப் பெயர் இரண்டு சொல். மேக்ரோ "டெல்லி"யை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் போட்டுவிடும்.

வலப்பக்கத்திலிருந்து வந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஊர்ப் பெயர் எத்தனை சொல்லாக இருந்தாலும் வரியின் கடைசிச் சொல் எண்தான். எனவே பாதை இப்படி அமையும்: எண்ட் அழுத்தினால் கர்சர் வரியின் கடைசியில். கன்ட்ரோல், ஷிப்ட், இடது அம்பு மூன்றும் சேர்த்து அழுத்தினால் கடைசிச் சொல் தேர்வாகும். கன்ட்ரோல் எக்ஸ், வெட்டியாயிற்று. எண்ணுக்கு முன்னால் இருந்த இடைவெளி மிச்சமிருக்கும். பேக்ஸ்பேஸ் ஒரு முறை. ஹோம், வரியின் தொடக்கம். கன்ட்ரோல் வி, எண் வந்து உட்காரும். காற்புள்ளி, ஓர் இடைவெளி. கடைசியாகக் கீழ் அம்பு.

அந்தக் கீழ் அம்புதான் இதில் மிக முக்கியமான விசை. வேலை முடிந்த வரியிலேயே நின்றுவிட்டால் அடுத்த சுற்று அதே வரியைத் திரும்பவும் பிய்த்துப் போடும். ஒரு சுற்று முடியும் இடம், அடுத்த சுற்று தொடங்க வேண்டிய இடமாக இருக்க வேண்டும். நம் பாதை எண்டில் தொடங்குவதால் புதிய வரியில் கர்சர் நடுவில் நின்றாலும் கவலையில்லை. முதல் விசையே அதைச் சுவருக்குக் கொண்டுபோய்விடும்.

நோட்பேட் பிளஸ் பிளஸில் மேக்ரோ என்றே ஒரு மெனு இருக்கிறது. பதிவைத் தொடங்கி, மேலே சொன்ன விசைகளை நிதானமாக அழுத்தி, பதிவை நிறுத்துங்கள். இரண்டாவது வரிக்கு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மூன்றாவதுக்கு ஒரு முறை. இரண்டும் சரியென்றால் அதே மெனுவில் மேக்ரோவைப் பலமுறை ஓட்டும் கட்டளை உண்டு. எத்தனை முறை என்று எண் கொடுக்கலாம், அல்லது கோப்பின் முடிவுவரை ஓட்டச் சொல்லலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் 400 வரியும் மாறிவிடும். ஓட்டுமுன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். நடுவில் வெற்று வரிகள் இருந்தால் நீக்கிவிடுங்கள். வெற்று வரியில் "கடைசிச் சொல்" என்று ஒன்று இல்லாததால் தேர்வு மேல் வரிக்குள் புகுந்துவிடும். நீண்ட வரிகளை மடித்துக் காட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் எண்டும் கீழ் அம்பும் கண்ணுக்குத் தெரியும் மடிப்பைத்தான் வரியாகக் கொள்ளும்.

இதே வேலையைத் தேடி மாற்றும் வசதியில் வடிவக் குறிகளைப் பயன்படுத்தியும் செய்யலாம், எக்ஸெல்லில் மாதிரியைப் பார்த்து மீதியைத் தானே நிரப்பும் ஃபிளாஷ் ஃபில் வழியாகவும் செய்யலாம். அவை தெரிந்தவர்கள் அவற்றையே பயன்படுத்தட்டும். மேக்ரோவுக்கு உள்ள பெருமை, உங்கள் விரல்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததற்கு மேல் அது எதையும் கேட்பதில்லை என்பது.

எவ்வளவு மிச்சமாகும்?

ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் 1980-இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். கணினியில் செய்யும் வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சராசரி நேரம் குறித்தார்கள். தொழில்முறைத் தட்டச்சர் அல்லாத சாதாரணப் பயனாளருக்கு ஒரு விசைக்கு 0.28 நொடி. கையைக் கீபோர்டிலிருந்து மவுஸுக்கு எடுத்துச்செல்ல 0.4 நொடி. மவுஸால் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 நொடி. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மனம் ஆயத்தமாக 1.35 நொடி.

நம் பாதையில் மொத்தம் 13 அழுத்தங்கள்; கையால் செய்தால் ஒரு வரிக்கு மூன்றரை நொடிக்குச் சற்று மேல். ஒருமுறை மவுஸுக்குப் போய், சுட்டி, சொடுக்கித் திரும்பினால் அதற்கு மட்டும் ஏறக்குறைய 2 நொடி. மேக்ரோ இவற்றையெல்லாம் மிச்சப்படுத்துகிறது. ஆனால் எனக்கு அந்தக் கடைசி எண்தான் பெரிதாகத் தெரிகிறது. வரிக்கு வரி "அடுத்து என்ன" என்று மனம் எடுத்துக்கொள்ளும் அந்த 1.35 நொடிதான் மாலையில் தலைவலியாக வந்து நிற்கிறது, பிழையும் அங்கேதான் நுழைகிறது.

எக்ஸெல்லில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

அலுவலகங்களில் பெரும்பாலோர் மேக்ரோ என்ற பெயரைக் கேட்டதே எக்ஸெல்லில்தான். அங்கே வியூ மெனுவின் கடைசியில் மேக்ரோஸ் இருக்கிறது. பதிவு செய்யும்போதே ஒரு குறுக்குவிசையும் கொடுக்கலாம். பதிந்தவற்றின் பட்டியலைப் பார்க்க ஆல்ட் எஃப்8.

எக்ஸெல் நீங்கள் அழுத்தும் விசைகளைப் பதிவதில்லை. அவற்றால் விளைந்த செயல்களை வி.பி.ஏ. என்ற நிரல் மொழியில் எழுதிவைக்கிறது. இதில் ஒரு கண்ணி உண்டு. நீங்கள் பி2 செல்லில் நின்றுகொண்டு பதிந்து, வலப்பக்கத்து சி2-க்கு நகர்ந்தால், எக்ஸெல் அதை "வலப்பக்கம் ஒரு செல்" என்று எழுதாது, "சி2" என்றே எழுதும். பிறகு 50-ஆவது வரிசையில் நின்று ஓட்டினாலும் அது சி2-க்கே ஓடிப்போய் அங்கே இருப்பதை அழித்து எழுதும். பதிவைத் தொடங்குமுன் அதே மேக்ரோஸ் மெனுவில் உள்ள "யூஸ் ரிலேட்டிவ் ரெஃபரன்சஸ்" என்பதை அழுத்திவிட்டால் நகர்வுகள் நீங்கள் நிற்கும் இடத்தை வைத்துப் பதிவாகும். எக்ஸெல் மேக்ரோவைத் தொட்டுவிட்டு "சரிப்பட்டு வரவில்லை" என்று விட்டவர்களில் பலர் இந்த ஒரு பொத்தானைத் தவறவிட்டவர்களே.

இன்னொன்று: மேக்ரோ தாளில் செய்த மாற்றத்தை கன்ட்ரோல் இசட் திருப்பாது. மேக்ரோவுக்கு முந்தைய மாற்றங்களையும் அதன்பின் திருப்ப முடியாது. சேமித்துவிட்டு ஓட்டுங்கள். மேக்ரோ உள்ள கோப்பைச் சாதாரண வடிவில் சேமித்தால் மேக்ரோ நீங்கிவிடும். மேக்ரோவுக்கென்று தனிக் கோப்பு வகை உண்டு, சேமிக்கும்போது எக்ஸெல்லே கேட்கும்.

இரண்டு செயலிகளுக்கு நடுவே

ஒரே செயலிக்குள் ஓடும் மேக்ரோ எளிது. எக்ஸெல்லில் இருப்பதை எடுத்து வேறொரு பில் போடும் செயலியில் உள்ளிட வேண்டும், அதில் மேக்ரோ வசதியே இல்லை என்றால்? அப்போது எல்லாச் செயலிக்கும் வெளியே நின்று விசைகளை அனுப்பும் ஒரு கருவி வேண்டும். விண்டோஸில் இதற்கு ஆட்டோஹாட்கீ நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. 2003 முதல் இருக்கிறது, இலவசம், திறந்த மூலம். மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப் விண்டோஸ் 11-இல் கூடவே வருகிறது; அதில் எழுதுவதற்குப் பதில் கட்டளைகளை இழுத்துப்போட்டு அடுக்கலாம். மேக் கணினியில் கீபோர்டு மேஸ்ட்ரோ, லினக்ஸில் எக்ஸ்11 திரை முறையில் எக்ஸ்டூடூல்.

ஆட்டோஹாட்கீயில் கட்டளைகளை எழுதிவைக்கும் ஸ்கிரிப்ட் ஒரு சாதாரண உரைக்கோப்பு. அதில் ^ என்றால் கன்ட்ரோல், ! என்றால் ஆல்ட், + என்றால் ஷிப்ட், # என்றால் விண்டோஸ் விசை. எந்த விசையை அழுத்தினால் எந்த விசைகளை அனுப்ப வேண்டும் என்று எழுதிவைப்பதுதான் அடிப்படை. இணையத்தில் மாதிரிகளைத் தேடும்போது பதிப்பைக் கவனியுங்கள். 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் எழுதும் முறை மாறிவிட்டது. பழைய மாதிரிகள் அதில் அப்படியே ஓடாது.

இங்கே புதிதாக ஒரு சிக்கல் வருகிறது: நேரம். நீங்கள் கையால் செய்யும்போது செயலி திறக்கும்வரை காத்திருக்கிறீர்கள், காத்திருப்பதாக உணராமலே. மேக்ரோ காத்திருக்காது. பில் செயலியின் விண்டோ திறக்குமுன்பே வாடிக்கையாளர் பெயர், தொகை, என்டர் என எல்லாவற்றையும் அனுப்பி முடித்திருக்கும். அவை எக்ஸெல் தாளின் மேலேயே விழும்.

எல்லோரும் முதலில் செய்வது, நடுநடுவே அரை நொடி, ஒரு நொடி என்று நிறுத்தம் வைப்பது. கணினி சுறுசுறுப்பாக இருக்கும் நாளில் அது ஓடும். வைரஸ் சோதனை பின்னணியில் ஓடும் நாளில் தவறும். நிறுத்தத்தை மூன்று நொடியாக்கினால் எல்லா நாளும் மெதுவாகும், ஆனாலும் உறுதி கிடையாது. சரியான வழி, குறிப்பிட்ட தலைப்புள்ள விண்டோ முன்னுக்கு வரும்வரை காத்திரு என்று சொல்வது. ஆட்டோஹாட்கீயில் அதற்கென்றே கட்டளை உண்டு. இத்தனை நொடிக்குள் வராவிட்டால் வேலையை நிறுத்திவிடு என்றும் சேர்க்கலாம். நொடிகளை எண்ணுவதும் அடி எண்ணுவதுதான். விண்டோவின் தலைப்பு சுவர்.

இரண்டு விண்டோக்களுக்கு இடையே மாற ஆல்ட் டேப் பயன்படுத்தாதீர்கள். அது "கடைசியாக எங்கே இருந்தேனோ அங்கே" என்று போகும். நடுவில் வேறொன்றைத் திறந்திருந்தால் அங்கே போய்விடும். விண்டோவைப் பெயர் சொல்லி முன்னுக்கு அழையுங்கள். அதேபோல, செயலிக்குள் மவுஸ் சொடுக்கும் இடத்தைப் புள்ளிக் கணக்கில் பதிந்துவைப்பதையும் கூடியவரை தவிர்க்கலாம். விண்டோ சற்று நகர்ந்தாலோ திரையின் அளவு மாறினாலோ சொடுக்கு வேறு எங்கோ விழும். விண்டோஸ் செயலிகள் பலவற்றில் ஆல்ட் விசையை அழுத்தினால் மெனுக்களின் எழுத்துகள் தெரியும். டேப் அழுத்தினால் அடுத்த கட்டம், ஷிப்ட் டேப் அழுத்தினால் முந்தைய கட்டம், எஸ்கேப் அழுத்தினால் திறந்திருக்கும் பெட்டி மூடும். இவற்றைக் கொண்டு முழு வேலையையும் ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் மேக்ரோ.

நிறுத்தும் விசை இல்லாமல் எந்த மேக்ரோவையும் ஓட்டாதீர்கள். ஆட்டோஹாட்கீ ஸ்கிரிப்டின் முதல் வரியாக, எஸ்கேப் அழுத்தினால் எல்லாம் நிற்கட்டும் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். மேக்ரோவுக்குள் எஸ்கேப் தேவைப்பட்டால் நிறுத்த வேறொரு விசையை வையுங்கள். நடுவில் ஓர் அறிவிப்புப் பெட்டி குதித்து வந்து விசைகளைத் தன்பக்கம் வாங்கிக்கொள்ளும் சமயம் வரும்; அப்போது கை தேடக் கூடாது.

சில இடங்களில் மேக்ரோ எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் சும்மா நிற்கும். விசைகள் போய்ச் சேர வேண்டிய செயலி நிர்வாகி உரிமையோடு ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் விஸ்டா முதல், சாதாரண உரிமையில் ஓடும் செயலி நிர்வாகி உரிமையில் ஓடும் விண்டோவுக்குப் பொய் விசைகளை அனுப்ப விண்டோஸ் விடுவதில்லை. அது நம் பாதுகாப்புக்காகவே உள்ள தடை.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது, நமக்கோ தினமும் இடறும். மேக்ரோ அனுப்பும் எழுத்து விசை, தமிழ்99 போன்ற உள்ளீட்டு முறை விழித்திருக்கும்போது தமிழாக மாறக்கூடும். ஆங்கிலத்தில் எச் என்று எழுத நினைத்த இடத்தில் க விழும். மேக்ரோவைத் தொடங்குமுன் உள்ளீட்டை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவது ஒரு வழி. நீண்ட தமிழ் வாசகத்தை விசை விசையாக அனுப்பாமல் கிளிப்போர்டில் வைத்து ஒட்டுவது அதைவிட நல்ல வழி. தமிழ் வாசகம் உள்ள ஸ்கிரிப்ட் கோப்பை யூடிஎஃப்-8 வடிவில் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் கேள்விக்குறிகள்தான் வரும்.

எழுத்தை எண்ணுவதுதான் பெரிய ஆபத்து. "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. பெரும்பாலான விண்டோஸ் செயலிகளில் பேக்ஸ்பேஸ் ஒவ்வொரு குறியாக அழிக்கும், ஐந்து முறை அழுத்த வேண்டும். டெலீட் விசையும் அம்புக்குறியும் முழு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். இதுவும் செயலிக்குச் செயலி வேறுபடும். ஆகவே தமிழ் உரையில் "மூன்று முறை பேக்ஸ்பேஸ்" என்று ஒருபோதும் பதியாதீர்கள். முழுச் சொல், முழு வரி, முழு செல் என்று தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். நம் முதல் எடுத்துக்காட்டில் பேக்ஸ்பேஸ் ஒரே ஓர் இடைவெளியைத்தான் அழித்தது; அதனால்தான் அங்கே அது பாதுகாப்பாக இருந்தது.

எதை மேக்ரோவிடம் கொடுக்கக் கூடாது

கடவுச்சொல்லை மேக்ரோவில் எழுதிவைக்காதீர்கள். அது எவரும் திறந்து படிக்கக்கூடிய உரைக்கோப்பு. பணம் அனுப்பும் பொத்தான், நிரந்தரமாக அழிக்கும் பொத்தான், மின்னஞ்சலின் அனுப்பு பொத்தான் ஆகியவற்றை நீங்களே அழுத்துங்கள். மேக்ரோ எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு அந்தப் பொத்தானுக்கு முன்னால் நிற்கட்டும். நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்து அழுத்தலாம்.

பிறர் அனுப்பிய கோப்பிலுள்ள மேக்ரோவையும் இதே கவனத்தோடு அணுகுங்கள். 1999-இல் உலகெங்கும் மின்னஞ்சல் சேவைகளைத் திணறடித்த மெலிசா, வேர்ட் கோப்புக்குள் இருந்த ஒரு மேக்ரோதான். திறந்தவரின் முகவரிப் பட்டியலிலிருந்து முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கிறது. அந்தத் தடையை நீக்கச் சொல்லி யாராவது கேட்டால், கோப்பு எங்கிருந்து வந்தது என்று அனுப்பியவரையே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தொடங்க எளிய இடம் சுருக்கெழுத்து. நீங்கள் தினமும் முழுதாக அடிக்கும் அலுவலக முகவரி, கடிதத்தின் முடிவு வாசகம் போன்றவற்றுக்கு இரண்டு மூன்று எழுத்தில் ஒரு சுருக்கம் வைத்து, அதை அடித்ததும் முழு வாசகமும் விரியும்படி செய்யலாம். ஆட்டோஹாட்கீயில் இதற்கு ஒரே ஒரு வரி போதும். எதையும் நிறுவ அனுமதி இல்லாத அலுவலகக் கணினி என்றால், வேர்டின் ஆட்டோகரெக்ட் பட்டியலில் அதே சுருக்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். சாதாரணச் சொற்களில் வராத எழுத்துக் கூட்டாகச் சுருக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் ஒரு அரைப்புள்ளி சேர்த்துவிட்டால் தவறுதலாக விரியாது.